நிழலய்யாவுக்கு ஆறு மூட்டை உப்பு

9-8-1994, செவ்வாய்.

இன்றைய தப்பு: ஒரு பிணத்தை ரோல் முழுக்கப் படம் எடுத்தேன். கேமராவில் ஃபிலிம் இல்லை!

மாலை வகுப்பில் இதழியல் நடத்தும் சார், டைரியை அன்றைய தப்பிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். தப்பை முதலில் எழுதிவிட்டால் பிறகு பொய் எழுத வராதாம். எனக்குச் சந்தேகம்தான். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன். இனி நடந்தது நடந்தபடி.

போன் அலறியது...

கோட்டைமேட்டில் ரசாக் மாமாவின் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவருக்கு நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா ரிசீவரை எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"உவைஸு... போலீஸ் வேலை. சரவணம்பட்டி தாண்டி ஒரு பழைய பம்ப்செட் கம்பெனி ஷெட்டு. பச்சைத் துண்டுக்காரங்க இருக்காங்களே, அந்த இடம்."

"யாரு மாமா செத்தது?"

"அவங்க சாமிதான்!"

"சாமி சாகுமா மாமா?"

"அதையெல்லாம் அங்க போய்க் கேட்டுக்க. நமக்கு சாமின்னாலும் போஸ்ட்கார்டு சைஸ்தான், லாரியில அடிபட்டவன்னாலும் போஸ்ட்கார்டு சைஸ்தான். கெளம்பு!"

டி.வி.எஸ். ஐம்பதை உதைத்தேன்.

ஷெட்டுக்கு வெளியே ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. ஒரு காலத்தில் மோட்டார் ஓட்டிப் பார்த்த தொட்டி. இப்போது சபைக்குக் குடிதண்ணீர். அதைச் சுற்றிப் பச்சைத் துண்டு போட்ட அறுபது எழுபது பேர். யாரும் அழவில்லை. அழக் கூடாதாம். உப்பு விரதக்காரர்கள். வருடம் முழுக்க, சாப்பாட்டில் ஒரு கல் உப்பு சேர்க்க மாட்டார்கள். கண்ணீரிலும் உப்பு இருக்கிறதே!

உள்ளே...

தகரக் கூரைக்குக் கீழே ஒரு மரப்பலகை. அதன் மேல் சம்மணம் போட்டபடி அவர்களுடைய சாமி, நிழலய்யா. ஐம்பது வயது. முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. உதட்டோரம் காய்ந்த நுரை. பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளர். அடியில் கொஞ்சம் பால்.

வாசலில் கான்ஸ்டபிள் மாசாணம் காவல். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வா பாய் தம்பி. சீக்கிரம் எடுத்துப் போடு. நான் வெளிய நிக்கறேன். செத்தும் உக்காந்துட்டு இருக்கறவரைப் பார்த்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

உள்ளே துணைக்கு ஒருவர் வந்தார். சபைச் செயலாளர் சுப்பையன். பழைய மில் மேஸ்திரி. குரலில் தேன்.

"பார்த்து எடுங்க தம்பி. அய்யா தூங்கறாருங்க."

க்ளிக். க்ளிக். முகம். டம்ளர். பலகை. பலகைக்குப் பின்னால் சுவரோரம் ஆறு சாக்கு மூட்டைகள். மூட்டைகளுக்கு அடியில் தரை ஈரமாய்க் கசிந்திருந்தது. க்ளிக்.

ரோல் முடிந்திருக்கும் என்று நினைத்து ஃபிலிம் சுற்றும் குமிழைத் திருகினேன்.

சும்மா சுற்றியது!

"அய்யய்யோ!"

"ஏனுங்க தம்பி, என்னாச்சுங்க?"

"ஃபிலிம் போடவே மறந்துபோட்டேனுங்க... போய் எடுத்துட்டு வந்தர்றேன். இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிப் போடாதீங்க, மாமா தோலை உரிச்சிருவாரு!"

"நான் ஏனுங்க சொல்றேன்?" சுப்பையன் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "மெதுவாப் போயிட்டு மெதுவா வாங்க. அவசரமே இல்லீங்க."

இவ்வளவு நல்ல மனிதரா!

அப்படித்தான் நினைத்தேன். அதுவும் இன்றைய தப்புக் கணக்கில் சேர வேண்டியது.

திரும்பி வரும்போது மணி மூன்று ஆகப் போகிறது. ஷெட் வாசலில் ஜீப். டாக்டர் பிணத்தைப் பார்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"விஷம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்துவிடம். "அரளியா இருக்கலாம். ஆஸ்பத்திரியில அறுத்துப் பார்த்துச் சொல்றேன்."

நாச்சிமுத்துவின் நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம். மூன்றுக்கும் இடம் போக மீதியில் முறைப்பு.

"பாலை யாரு குடுத்தது?"

எல்லோர் கண்ணும் ஒரு பக்கம் திரும்பியது.

தூணுக்குக் கீழே, வெறுந்தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பச்சைத் துண்டு. நெற்றியில் ஒன்றுமில்லை.

"வரலட்சுமிங்க சார்," என்றார் சுப்பையன். "அய்யாவுக்குப் பணிவிடை பண்றது இந்த அம்மணிதானுங்க. காலையில பால் டம்ளரைக் கொண்டுபோய்க் குடுத்ததும் இவங்கதான். நான் கண்ணால பார்த்தேனுங்க."

"ஏம்மா, பால்ல என்னத்தைக் கலந்தே?"

மௌனம்.

"உன்னைத்தான்!"

மௌனம்.

"பேச மாட்டாங்க சார்," சுப்பையன் வருத்தமாய்ச் சொன்னார். "பணிவிடைக்காரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை பொழுது சாயற வரைக்கும் மௌன விரதமுங்க. ஒரு வார்த்தை பேசினாலும் விரதம் முறிஞ்சு போயிரும். அப்புறம் அவங்க சபையில இருக்க முடியாதுங்க."

அப்போது ஒரு கான்டஸா கார் புழுதியோடு வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பீளமேட்டில் நூல் மில் நடத்தும் வெங்கடபதி. வரலட்சுமியின் அப்பா! காலையில் சாவைக் கேள்விப்பட்டுப் போலீசுக்குப் புகார் கொடுத்தவரே இவர்தானாம். ஆனால் அந்தப் புகார் தன் மகள் தலையிலேயே விழும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அம்மணி... வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு கண்ணு! நான் பண்ணலைன்னு சொல்லு!"

வரலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்! மதம்னா இப்படியாங்க இருக்கும்? இது கும்பலுங்க! கும்பல்! என் பொண்ணு எம்.காம். படிச்சவ. காலைல நாலு மணிக்குப் பச்சைத் தண்ணியில குளிக்கறா. செருப்புப் போடறதில்லை. தரையில படுக்கறா. ஒரு துண்டைப் போட்டுட்டு ஊரு ஊரா நடக்கறா!"

மாசாணம் தலையைச் சொறிந்தார். "எங்க மச்சான் மலைக்கு மாலை போட்டா இதேதானுங்க முதலாளி பண்றாரு."

"அது நாப்பத்தெட்டு நாளுய்யா! இது வருசம் பூரா!"

"அப்ப நாள் கணக்குதானுங்களா வித்தியாசம்?"

"மாசாணம்! போய் ஜீப்பைத் துடை!" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

சுப்பையன் கைகட்டிக் கேட்டார். "தெரியாமத்தான் கேக்கறேனுங்க சார். எத்தனை பேரு சேர்ந்தா மதம்ங்க?"

"எத்தனை பேருங்கறது இல்லய்யா. கவர்மெண்டு லீவு விடணும். அதான் மதம்!"

"அப்ப நாங்களும் லீவுக்கு எழுதிப் போடறோமுங்க."

நாச்சிமுத்து அவரை முறைத்துவிட்டு விலங்கை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. விலங்கைத் திரும்பப் பையில் போட்டார்.

"என்னங்க சார்?" என்றேன்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. இப்பக் கைது பண்ணினா கேஸ் நிக்காது. நாலரைக்கு மேல கூட்டிட்டுப் போவோம். இவனுக மாதிரி மூடநம்பிக்கை புடிச்ச கும்பலை நம்ப முடியாது. மாசாணம்! பொண்ணு மேல ஒரு கண்ணு வெச்சுக்க."

அவ்வளவுதான் அவகாசம். நாலரை மணிக்கு வரலட்சுமிக்கு விலங்கு. பொழுது சாய்ந்து அவள் வாய் திறக்கும்போது லாக்கப்பில் இருப்பாள். கொலைக் கேஸ். வெங்கடபதி காரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். இந்த முறை ஃபிலிம் இருந்தது. இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். முகம். டம்ளர். பலகை. பலகைக்குப் பின்னால்...

சுவர்!

வெறும் சுவர்!

மூட்டைகள் எங்கே?

நிஜமாகவே மூட்டைகளைப் பார்த்தேனா? ஃபிலிம் இல்லாதது தெரியாத ஆள் நான். என் கண்ணை எப்படி நம்புவது? படம் இருந்தால் காட்டலாம். படம்தான் இல்லையே!

குனிந்தேன். தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு மூலையில் வெள்ளையாய் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டேன். நாக்கில் வைத்தேன்.

கல் உப்பு!

பிணத்தை வண்டியில் ஏற்றினார்கள். நான் மாசாணத்தைத் தேடி ஓடினேன். ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே... இங்க உப்பு மூட்டை எதுக்குங்க?"

"உப்பா? இங்கயா? இவனுக ரசத்துலகூட உப்புப் போட மாட்டானுக பாய்."

"அப்ப வேற எதுக்கு வேணுங்க? அதுவும் மூட்டை மூட்டையா?"

மாசாணம் துணியை உதறினார். "சமாதிக்கு வேணும். சாமியாருங்களைப் படுக்க வெச்சுப் பொதைக்க மாட்டாங்க. குழிக்குள்ள சம்மணம் போட்டு உக்கார வெச்சு, கழுத்து வரைக்கும் உப்பும் விபூதியும் கற்பூரமும் கொட்டுவாங்க. ஆனா அது செத்தப்புறம் வாங்கறது. இவரு செத்ததே காலைலதானே?"

ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

மூட்டைக்கு அடியில் தரையே ஊறிப் போயிருந்தது. உப்பு அப்படிக் கசிய நாளாகும்; அது இன்று வந்த மூட்டை இல்லை. சாவு வரும் முன்பே சமாதிக்கு உப்பு வாங்கி வைத்தது யார்?

கடிகாரம் நாலைத் தாண்டிவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் ஃபிலிம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சொன்னாலும் நம்புவாரா? மூட்டைகள் எங்கே என்று கேட்டால்?

அப்போதுதான் அந்த அலறல்!

"அய்யோ... ஓடியாங்க! அய்யா அழுவறாருங்கோ!"

தொட்டியருகே குழந்தையம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண். கையில் சொம்பு. சபையின் சமையல்காரி.

"தண்ணி கரிக்குதுங்க! அய்யா கண்ணீர் விட்டிருக்காருங்க! நம்மளை அழுகக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு அவரு அழுதிருக்காருங்கோ!"

கூட்டம் பாய்ந்தது. ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தது. தலையில் தெளித்துக்கொண்டது. பல வருடமாய் உப்பு படாத நாக்குகள்! முகத்தில் பரவசம்! சிலர் தரையில் புரண்டார்கள். ஒரு ஆள் குடத்தோடு ஓடி வந்தான்.

நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். கடல்!

"சார்!" நான் கத்தினேன். "குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க சார்! அது கண்ணீர் இல்லீங்க, சாட்சி!"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மூட்டை. ஃபிலிம். ஈரம். சுப்பையன் மட்டும் என்னுடன் உள்ளே இருந்தது. அவரிடம் நான் உளறியது.

நாச்சிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூட்டையைப் பார்த்தியா... பார்த்த மாதிரி இருந்துச்சா?"

"அதானுங்க சார் எனக்கும் சந்தேகம். ஆனா தொட்டிக்குச் சந்தேகம் இல்லீங்களே!"

"மாசாணம்! எறங்கு!"

மாசாணம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் குதித்தார். மூழ்கினார். எழுந்தார். கையில் ஒரு சாக்கு. அதற்குள் பாதி கரைந்தும் கரையாமலும் கல் உப்பு. மறுபடி மூழ்கினார். இன்னொன்று. இன்னொன்று...

ஆறு!

கூட்டம் பின்வாங்கியது. சுப்பையன் மட்டும் அசையவில்லை. குரலில் அதே தேன்.

"ஆமாங்க சார். உப்பு நான்தான் வாங்கினேன். ஞாயித்துக்கிழமையே வந்துருச்சுங்க. அய்யாதான் வாங்கி வெக்கச் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை நான் உடம்பை விடப் போறேன், ஏற்பாடு பண்ணுன்னாரு. ஞானதிருஷ்டிங்க!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் கையும் பாதி தூரம் மேலே போயிருந்தது!

"சார்...?"

"இல்லப்பா... எங்க குலகுரு மடத்துலயும் அப்படித்தான் ஒருத்தர் நாள் குறிச்சுட்டு சமாதி ஆனாரு. முந்நூறு வருசம் ஆச்சு. மறுக்க முடியாது பாரு."

"அவரு சமாதிக்கு வாங்கின உப்பைத் தண்ணித் தொட்டியில ஒளிச்சு வெச்சாங்களா சார்?"

நாச்சிமுத்துவின் கை கீழே இறங்கியது.

"அதானே! ஏய்யா சுப்பையா, ஞானதிருஷ்டியை எதுக்குய்யா தண்ணியில கரைச்சே?"

"போலீசுக்குப் புரியாதுன்னுட்டுதானுங்க, எல்லாரும் கஞ்சிக்குப் போன நேரத்துல பின்கதவு வழியாக் கொண்டுபோய்ப் போட்டேனுங்க... அய்யா எல்லாம் தெரிஞ்சே அந்தப் பாலை வாங்கிக் குடிச்சாருங்க. அவரு மனசு அவருக்கு..."

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

வரலட்சுமி எழுந்து நின்றிருந்தாள். மேற்கே சூரியன் இன்னும் பளிச்சென்று இருந்தது. விரதம் முறிந்துவிட்டது!

"அய்யா சாகறதுக்கு நாள் குறிக்கலைங்க. ஊருக்குப் போறதுக்குத்தான் நாள் குறிச்சாரு! ஒரு வாரமாச் சொல்லிட்டிருந்தாருங்க. கொடுமுடியில சம்சாரம் கூப்பிட்டு அனுப்பிச்சிருக்கறா, பழையபடி தையல் மெஷின்ல உக்காரப் போறேன், எனக்கு ஒண்ணும் தெரியாது அம்மணி, நான் சாமியில்லைன்னு சொன்னாருங்க. இன்னைக்கு மத்தியானம் பஸ் ஏறறதா இருந்தாரு. நேத்து ராத்திரி என்கிட்டச் சட்டை குடுத்து இஸ்திரி போடச் சொன்னாரு. பாக்கெட் வெச்ச சட்டை!"

அவள் சுப்பையனை நோக்கி விரலை நீட்டினாள்.

"காலைல பாலைக் காய்ச்சி டம்ளர்ல ஊத்தி என் கையில குடுத்தது நீங்கதானுங்கண்ணா!"

தேன் வற்றியது.

சுப்பையன் மெல்லச் சிரித்தார். பச்சைத் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆமா! நான்தான்! வேற என்ன பண்றதுங்க? ஏழு வருசமா இந்தக் கூட்டத்தைச் சேர்த்தேன். ஊருக்கு நாங்க பைத்தியக்காரங்க. ஒரு பய வாடகைக்கு வீடு தர மாட்டான். உசுரோட இருக்கற சாமி இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும், சம்சாரம் கூப்பிட்டா ஊட்டுக்குப் போயிரும். சாமி தையல் மெஷின்ல உக்காந்து ஜாக்கெட் தெச்சா சபை என்னாகுங்க? செத்த சாமி எங்கயும் போகாதுங்க சார்! எல்லாப் பெரிய மதத்துலயும் பாருங்க... சாமி உசுரோட வந்து இடைஞ்சல் பண்றதே இல்லை!"

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை தாண்டி ஐந்து நிமிடம்.

"நல்ல நேரம்," என்றார். விலங்கு மாட்டினார்.

மாசாணம் சாட்சிக்கு ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை அடைத்து அரக்கு வைத்தார். மீதித் தண்ணீருக்குக் கூட்டம் வரிசையில் நின்றது. கொலை என்று தெரிந்த பிறகும்! செய்தி அதற்குள் ரோட்டுக்குப் போயிருந்தது. சைக்கிளில் வந்தார்கள். மொபெட்டில் வந்தார்கள். பச்சைத் துண்டே இல்லாத ஆட்கள், குடத்தோடு!

"கேஸ் ப்ராப்பர்ட்டிங்க! குடிக்காதீங்க!" மாசாணம் கத்தினார்.

"ஒரு சொம்பு மட்டும் சாமி, கொழந்தைக்கு வயித்து வலி!"

வெங்கடபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் வந்தார். கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"வா கண்ணு. ஊட்டுக்குப் போலாம். உங்கம்மா காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"விரதம் முறிஞ்சு போச்சுங்க நைனா," என்றாள் வரலட்சுமி. "இனி சபையில எனக்கு இடம் இல்லை. வாரேன்."

காரை நோக்கி நடந்தாள்.

ஓர் அடி எடுத்து வைத்திருப்பாள்.

"அம்மா!" குழந்தையம்மாள் நெடுஞ்சாண்கிடையாய்க் குறுக்கே விழுந்தாள். "விலங்கு உங்க கைக்கு வந்து திரும்பிப் போச்சுங்க! அய்யா அழுது உங்களைக் காப்பாத்திப்போட்டாருங்க! நீங்க போயிட்டா நாங்க எங்கீங்க போவோம்?"

அறுபது பேரும் விழுந்தார்கள். குடத்தோடு வந்தவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று விழுந்தார்கள்.

வரலட்சுமி நின்றாள். அவர்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். நீண்ட நேரம் தரையைப் பார்த்தாள்.

பிறகு திரும்பி நடந்து, ஷெட்டுக்குள் போய், அந்த மரப்பலகையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க," என்றாள். "அய்யா உப்பா வந்திருக்காரு. இன்னைல இருந்து சோத்துல உப்புப் போட்டுக்கலாம்."

கூரை அதிர்ந்தது! சந்தோஷம் பக்தியிலா உப்பிலா, என்னால் நிச்சயமாய் எழுத முடியவில்லை.

வெங்கடபதி கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றார். ரோட்டைப் பார்த்தார். வரிசை சத்தி ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் மாலையோடு இறங்கினார். நேராக வெங்கடபதியிடம் வந்து கும்பிட்டார்.

"அம்மாவோட தகப்பனாருங்களா? தரிசனத்துக்கு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லோணும்."

வெங்கடபதி கார்க் கதவை மெதுவாய்ச் சாத்தினார். வேட்டியைச் சரி செய்தார். செருப்பைக் கழற்றினார். பலகையருகே போய்க் குனிந்தார்.

"கண்ணு... இந்த ஷெட்டு யாரு பேர்ல இருக்குது?"

"வாடகைங்க நைனா."

"வாடகை எடத்துல மடம் இருந்தா நாலு பேரு மதிப்பாங்களா? நான் பேசறேன். வாசல்ல ஒரு பஸ் ஸ்டாப்புக்கும் சொல்லி வெக்கறேன்."

இன்ஸ்பெக்டருக்கே தாங்கவில்லை. "ஏனுங்க முதலாளி, கும்பல் கும்பல்னு இப்பத்தானுங்களே தொண்டை கிழியக் கத்தினீங்க?"

வெங்கடபதி அவரைப் பார்த்த பார்வையில் உண்மையான ஆச்சரியம்.

"அப்ப என் பொண்ணு தரையில உக்காந்திருந்தாளுங்க!"

நான் கேமராவை மூடினேன். டி.வி.எஸ்.ஸை எடுக்கும்போது வெங்கடபதி கூப்பிட்டார். அய்யாவின் படம் வேண்டுமாம். பெரிய சைஸ், ஃப்ரேம் போட்டு, நூறு.

"போலீஸ் கேஸ் படமுங்க. இன்ஸ்பெக்டர் சம்மதிக்கணும்."

நாச்சிமுத்து யோசித்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"சட்டப்படி குடுக்கக் கூடாது," என்றார். "ஆனா ஜீப்புல வெக்கற மாதிரி எனக்குச் சின்னதா ஒண்ணு சேர்த்துப் போடு."

மாலை வகுப்புக்குப் போகவில்லை.

நாளைய வேலை: ரோலைக் கழுவ வேண்டும். நெகட்டிவில் நுரையை அழித்து, ரீடச் பிரஷ்ஷால் அய்யாவின் கண்களைத் திறந்து வைக்க வேண்டும். நூற்றொரு காப்பி. சிரிப்பும் வேண்டுமா என்று வெங்கடபதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.